மேட்டுத்தெருவுக்கு வயித்து வலி

டாக்டருக்குச் சொந்த ஊரு எதுன்னா கேட்டீங்க? ராஜபாளையம் பக்கம். இங்கிட்டு வந்து உக்காருங்க தங்கச்சி. அந்த ஃபேனுக்குக் கீழ உக்காந்தா தலைமுடி பூரா வாயில வந்து விழும், பூ வேற இம்புட்டு வச்சிருக்கீங்க. உங்க டோக்கன் வர இன்னும் நேரம் கிடக்கு. உள்ள போயிருக்கிறது மூக்கையா வாத்தியாரு. அவரு தன் இருமலோட வரலாறைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நமக்கு இருமல் வந்துரும். இந்த டாக்டரும் கேட்டுக்கிட்டே இருப்பாரு, நடுவுல மறிக்க மாட்டாரு. அதான் இவருகிட்ட ஒரு குறை. குறைன்னும் சொல்ல முடியாது, நிறைன்னும் சொல்ல முடியாது.

உங்களுக்கு என்ன செய்யுது? வயித்து வலியா? சரி சரி.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல. நான் தெனமும் வீட்டு வேலையை முடிச்சிட்டு இப்பிடி வந்து சும்மா உக்காந்திருப்பேன். இந்த ஆஸ்பத்திரியைப் பத்தி என்ன வேணும்னாலும் என்கிட்டக் கேளுங்க. இந்த டாக்டர் செந்தூரனை என்னை மாதிரி சல்லடை போட்டுச் சலிச்ச ஆளு இந்த ஊருலயே கிடையாது. டோக்கன் குடுக்குறாளே ஜெபராணி, அவகிட்டக் கேளுங்க, சொல்லுவா. வேண்டாம், கேக்காதீங்க. அவ சிரிப்பா.

எதுக்குச் சலிச்சேன்னு கேளுங்க. எனக்கு ஒரே மக, பூரணி. குடிநீர் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாக்குறா, கவர்மென்டு வேலை. குழாய்த் தண்ணி, கெணத்துத் தண்ணி, டேங்குத் தண்ணின்னு பாட்டில்ல பிடிச்சிட்டு வந்து நல்லதா கெட்டதான்னு சொல்லுவா. பொய்யே பேச மாட்டா. அதான் அவகிட்ட ஒரு குறை. அவளுக்கு மாப்பிள்ளை தேடி நான் நடந்த நடைக்கு இந்நேரம் காசிக்கே போய்ச் சேந்திருக்கலாம். வந்தவன் எல்லாம் கேசரியைத் தின்னுட்டு, பஜ்ஜியைத் தின்னுட்டு, ‘வீட்டுக்குப் போயி தகவல் சொல்றோம்’னு எந்திரிச்சுப் போனான். கடைசியா வந்தாளே ஒரு பையனோட அம்மா, அவ என்ன செஞ்சா தெரியுமா? காபி குடுக்கக் குனிஞ்ச பிள்ளையோட கன்னத்தை விரலால ஒரு இழு இழுத்துட்டு, அந்த விரலைத் திருப்பிப் பாத்தா. பவுடராம்! நிறம் நெசந்தானான்னு பாத்தாளாம்! வீட்டுக்கு வந்து கத்திரிக்காயை அமுக்கிப் பாக்குற மாதிரி ஒரு மனுசியைப் பாப்பாளா ஒருத்தி? அவுக போன பெறகு பூரணி மூஞ்சியைக் கழுவுனா, கழுவிக்கிட்டே இருந்தா. வெளிய வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. “இனிமே இந்த வீட்டுல நீ கேசரி கிண்டுனா, நான் ஹாஸ்டலுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்.”

சொன்னாச் செய்வா. அவ தாத்தா பிடிவாதம். என் பிடிவாதம்னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, நம்பாதீங்க.

அன்னையிலிருந்து சிரிப்பே போச்சு அவளுக்கு. பொம்பளப் பிள்ளை வீட்டுல சிரிக்கலைன்னா வீடு வீடாவா இருக்கும்? எனக்குச் சோறு இறங்கல தங்கச்சி, நெசமாச் சொல்றேன்.

அப்பத்தான் இந்த டாக்டரு இங்க வந்தாரு. பழைய டாக்டரு மகன் வீட்டுக்குப் போறேன்னு ஆஸ்பத்திரியை இவருகிட்ட விட்டுட்டுப் போயிட்டாரு. இவரு எளவட்டம், கல்யாணம் ஆகல, நம்ம பக்கத்து ஆளுகதான். ஜெபராணிதான் சொன்னா. நான் யோசிச்சேன். மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிட்டாத்தானே கேசரி கிண்டணும்? நாம போய் மாப்பிள்ளையைப் பாத்தா? பூரணிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. விசாரிச்சு, எல்லாம் சரின்னு ஆன பெறகு மெதுவாப் பேச்சை எடுக்கலாம். எப்பிடி என் யோசனை?

நானே மொதல்ல போனேன். ஆனா ஒரு ஆளு பாத்தா ஒரு பக்கந்தான் தெரியும். எங்க மேட்டுத்தெருவுல பூரா எங்க சொந்தந்தான். ஆளுக்கு ஒரு வேலையைப் பிரிச்சுக் குடுத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு, டாக்டரு வாயில பீடி வாசனை, பாட்டில் வாசனை ஏதாச்சும் வருதான்னு பாத்துட்டு வரணும். என் தம்பி குருசாமிக்கு, சொத்து பத்து, கூடப் பிறந்தவங்க விவரம். என் நாத்தனா ராஜகனிக்கு, கோவம் வருதான்னு பாக்கணும். கோவத்தைக் கிளப்புறதுக்கு அவளை விட்டா வேற ஆளு கிடையாது, ஒரே கேள்வியை ஒம்பது தரம் கேப்பா. இன்னும் சித்தி, சின்னம்மா மருமக, எதுத்த வீட்டுக் கொழுந்தன்னு ஒரு பத்துப் பன்னெண்டு பேரு.

என்ன நோவுன்னு சொல்லிட்டுப் போறது? அங்கதான் என் மூளையைப் பாருங்க. காச்சல்னா தெர்மாமீட்டரு காட்டிக் குடுத்துரும். சுகர்னா ரத்தத்தை உறிஞ்சிருவாங்க. முட்டு வலின்னா நடந்து காட்டுங்கம்பாரு. வயித்து வலி ஒண்ணைத்தான் எந்தக் கொம்பனாலயும் இல்லைன்னு சொல்ல முடியாது. எல்லாரையும் வயித்து வலின்னே சொல்லச் சொல்லிட்டேன். மறக்காம இருக்கட்டும்னு எடத்தையும் சொல்லிக் குடுத்தேன். தொப்புளுக்குக் கீழ, இடது பக்கம், நேத்து ராத்திரியிலிருந்து.

ஒவ்வொருத்தரா வந்து எனக்குத் தகவல் சொன்னாங்க. ராஜகனி வந்து உருகுறா. “மதினி, ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில தேச்சு, சூடு பண்ணிட்டுத்தான் முதுகுல வச்சாரு மதினி! எங்க அண்ணன் முப்பது வருசமா உங்களுக்கு ஒரு தம்ளர் சுடுதண்ணி வச்சுக் குடுத்ததில்ல!” அவ அண்ணன்னு சொன்னது எங்க வீட்டுக்காரரைத்தான், அதுல அவருக்கும் எனக்கும் ஒரு சண்டை வந்துச்சு, அதை விடுங்க. கோவம் வந்துச்சாடின்னு கேட்டேன். ஒம்பதாவது தரமும் மொதல் தரம் மாதிரியே பதில் சொன்னாராம். எங்க வீட்டுக்காரரு மோந்து பாத்துட்டு வந்து, ‘சோப்பு வாசம்தான் வருது’ன்னாரு. சரி.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் உறுத்தல். போனவங்க ஒருத்தருக்காச்சும் அவரு ஊசி போடல! மாத்திரை எழுதல! வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, ‘உப்பு சர்க்கரைத் தண்ணி குடிங்க, கூடுனா உடனே வாங்க’ன்னு அனுப்பிட்டாரு. நானெல்லாம் பழைய டாக்டருகிட்ட ரெண்டு ஊசி போட்டுட்டு நொண்டிக்கிட்டு வந்தாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போன திருப்தி. ஊசி போடத் தெரியாத டாக்டருக்கா பிள்ளையைக் குடுக்குறது? இதுல பெயில்தான்னு வச்சிருந்தேன்.

ஆனா அதுக்குள்ள குருசாமி ஒரு சேதி கொண்டாந்தான் பாருங்க. மூச்சு வாங்க ஓடி வாரான். “அக்கா, நான் அவரைப் பத்தி ஒரு கேள்வி கேக்குறதுக்குள்ள, அவரு நம்மளைப் பத்தி விசாரிக்கிறாரு அக்கா!” என்னடா விசாரிச்சாருன்னேன். “எந்தத் தெரு, வீட்டுல எத்தனை பேரு, யார் யாரு, வயசு என்ன, எல்லாரும் ஒரே குடும்பமா, தனித்தனி அடுப்பான்னு கேட்டாரு அக்கா. மேட்டுத்தெருன்னு சொன்னதும் நிமிந்து உக்காந்தாரு!” பின்னால வந்தவங்களும் அதையேதான் சொன்னாங்க. எங்க இருந்து தண்ணி எடுக்குறீங்க, சொந்தக் குழாயா தெருக் குழாயான்னு கூடக் கேட்டாராம்.

எனக்குத் தலை கால் புரியல. சொந்தக் குழாயான்னு ஒரு மாப்பிள்ளை எதுக்குக் கேப்பாரு? வசதியைத் தெரிஞ்சுக்கத்தான்! வீட்டுல யார் யாருன்னு எதுக்குக் கேப்பாரு? பொண்ணைப் பத்தி நேரடியாக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுத்தான்! நாம அவரைப் பாக்குறோம், அவரு நம்மளைப் பாக்குறாரு! ஊசி போனாப் போகுது, பழகிக்குவாருன்னு பாஸ் போட்டுட்டேன்.

ரெண்டு நாளு போயிருக்கும். காலையில நான் வாசல்ல பாத்திரம் விளக்குறேன், தெரு முனையில ஆட்டோல மைக்கு. “மேட்டுத்தெரு பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. மறு அறிவிப்பு வரும் வரை குழாய்த் தண்ணீரைப் பருக வேண்டாம்.” பின்னாலயே தண்ணி லாரி. அதுக்குப் பின்னால பிளீச்சிங் பவுடரைக் கோலமாவு மாதிரி ரெண்டு பக்கமும் தூவிக்கிட்டு நாலு பேரு. அதுக்கும் பின்னால ஒரு ஜீப்பு. ஜீப்புல இருந்து பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, தலையில தொப்பி, கையில உறை, வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு இறங்குறது யாரு? என் மக! அவ சாயங்காலம் வீட்டுக்கு வரணும், காலையில ஒம்பது மணிக்கு ஜீப்புல வாரா!

“என்னடி?”ன்னேன். “இந்தத் தெருவுல வயித்து வலி பரவுதும்மா. நீ ஏன் எனக்குச் சொல்லல? உனக்கு ஒண்ணும் இல்லையே?”ன்னு என் கையைப் பிடிச்சா. பயந்துபோயிருந்தா பிள்ளை.

நான் பதில் சொல்றதுக்குள்ள ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. டாக்டரு!

இப்ப நீங்களே சொல்லுங்க தங்கச்சி. விசாரிச்ச மாப்பிள்ளை வீட்டு வாசல்ல வந்து நிக்கிறாரு. பொண்ணும் வாசல்ல நிக்கிறா. உங்களுக்கு என்ன தோணும்? லாரி, பவுடரு, மைக்கு எதுவுமே என் கண்ணுல படல. மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்துட்டாருன்னுதான் நினைச்சேன். சொல்லாம கொள்ளாம வந்துட்டாரே, எம்புட்டு எளிமைன்னு நினைச்சேன்! “பூரணி, அந்தத் தொப்பியைக் கழத்திட்டுப் போயி சேலை மாத்து”ன்னு காதுல சொல்லிட்டு அடுப்படிக்கு ஓடுனேன். ரவை வறுபடுது, நெய் மணக்குது, இன்னொரு அடுப்புல வாழைக்காய் பஜ்ஜி. எனக்கே கல்யாணம் மாதிரி இருக்கு.

தட்டைத் தூக்கிக்கிட்டு வெளிய வாரேன். பூரணி சேலை மாத்தல. தெருக் குழாயடியில குனிஞ்சு நின்னு, சின்னக் குப்பியில தண்ணி பிடிச்சு, சொட்டு மருந்தை விட்டு, மஞ்சளாகுதான்னு வெளிச்சத்துல பாத்துக்கிட்டு இருக்கா. பக்கத்துல டாக்டரு. “வயித்து வலிக்காரங்களை எல்லாம் வரச் சொல்லுங்க, நான் ஒரு தரம் பாத்துர்றேன்”னாரு. எங்க ஆளுகளும் அவரைப் பாத்ததும் இடது பக்கம் தொப்புளுக்குக் கீழ கையை வச்சுக்கிட்டு, சொல்லி வச்ச மாதிரி வரிசையா வந்து நிக்கிறாங்க. நான் சொல்லி வச்சதுதானே!

அந்த நேரத்துல நான் தட்டோட போய் நிக்கிறேன். கேசரி மணம் அடிக்குது. அம்புட்டுத்தான். குருசாமி வயித்துல இருந்து கையை எடுத்தான், பஜ்ஜியில வச்சான். ராஜகனி ரெண்டு எடுத்தா. எங்க வீட்டுக்காரரு கேசரியை வாயில போட்டுட்டு, ‘முந்திரி கம்மி’ங்கிறாரு. சுருண்டு கிடந்ததாச் சொன்ன சித்தி, கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால வாரா. ஒரு தெரு வயித்து வலிக்காரங்களும் லாரி பக்கத்துல நின்னு கொதிக்கக் கொதிக்கப் பஜ்ஜி தின்னுறாங்க!

டாக்டரு அவங்களைப் பாக்குறாரு. பூரணி தட்டைப் பாத்தா. பஜ்ஜியைப் பாத்தா. கேசரியைப் பாத்தா. பெறகு என்னைப் பாத்தா.

“அம்மா. எதுக்கு கேசரி?”

தங்கச்சி, அவ அன்னைக்குச் சொன்ன வார்த்தை காதுல கேட்டுச்சு. ஹாஸ்டலு. திரும்பி வர மாட்டேன். ஒத்தப் பிள்ளையை நானே கேசரி கிண்டி வெளிய அனுப்பிட்டேனேன்னு நினைச்சேன். தட்டு சரிஞ்சு பஜ்ஜி ஒண்ணு கீழ விழுந்துச்சு. குருசாமி வேற, சும்மா இல்லாம, “உனக்காகத்தான் மருமகளே, எல்லாருமா டாக்டரை எல்லாப் பக்கமும் பாத்தாச்சு, தங்கமான பிள்ளை”ன்னு வாய் நிறைய பஜ்ஜியோட சொல்றான். அவன் வாயில பிளீச்சிங் பவுடரைப் போட்டிருக்கணும்.

டாக்டருக்கு அப்பத்தான் விளங்குச்சு. காதெல்லாம் செவந்துபோச்சு அவருக்கு. பூரணி அவர் பக்கம் திரும்பிக் கேட்டா, அவ லேப்ல பேசுற குரலு அது, கறாரா இருக்கும். “இத்தனை பேருக்கும் என்ன மருந்து குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலைங்க. அமுக்கிப் பாத்தேன், எல்லா வயிறும் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லாத நோவுக்கு ஊசி போட முடியாதுல்ல?”

“ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சும் எதுக்கு முனிசிபாலிட்டிக்குப் போன் போட்டீங்க?”

அவரு எங்க ஆளுக பக்கம் ஒரு தரம் பாத்தாரு. “ஒருத்தரு பொய் சொல்லலாம்ங்க. ஒரு தெருவே சேந்து பொய் சொல்லும்னு எனக்குத் தோணல. பிள்ளைக குடிக்கிற தண்ணி. நான் தப்பா இருந்தா எனக்கு அவமானம், அம்புட்டுத்தானே?”

பூரணி குப்பியைத் தூக்கிப் பாத்தா. அது நல்ல மஞ்சளா இருந்துச்சு, கிருமியைக் கொல்ற மருந்து தண்ணியில சரியாக் கலந்திருக்குன்னு அர்த்தமாம். “டாக்டர், தண்ணி நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு ஆளுகதான் சரியில்ல”ன்னா.

சொல்லிட்டு சிரிச்சா பாருங்க! உதடு துடிக்க ஆரம்பிச்சு, கன்னத்துக்கு ஏறி, பெறகு குலுங்கிக் குலுங்கி, குழாயைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. தொப்பி கீழ விழுந்துருச்சு. அவரும் சிரிக்கிறாரு, கண்ணாடியைக் கழத்திக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு. ராஜகனி எதுக்குச் சிரிக்கிறோம்னு தெரியாமலே சிரிக்கிறா. மைக்கு ஆட்டோக்காரன் சிரிக்கிறான், அது மைக்குல கேட்டு அடுத்த தெருக்காரங்க ஓடி வாராங்க! எனக்கு மட்டும் அழுகையா வந்துச்சு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எம்புட்டு நாளாச்சு! முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னேன்.

பெறகு அவளே என் கையில இருந்து தட்டை வாங்கி, அவர் முன்னால நீட்டுனா. “சாப்பிடுங்க டாக்டர். ஊரையே கூட்டி உங்களுக்குன்னு செஞ்சது.”

நல்லாக் கேளுங்க. அவ கையால. பொண்ணு கையால. நான் சொல்லிக் குடுக்கல.

அதுக்கப்புறம் என்னோட ஒரு வாரம் பேசல அவ. அது வேற. ஆனா தண்ணி ரிசல்ட்டைச் சொல்லணும்னு டாக்டருக்குப் போன் பண்ணுனா. நல்ல தண்ணின்னு சொல்ல எம்புட்டு நேரமாகும்? முக்கால் மணி நேரம் பேசுனா. அவர்கிட்ட என்னடி பிடிச்சுதுன்னு பின்னால கேட்டேன். ஊசி போடாததுதான் பிடிச்சுதாம்! நான் பெயில் போட்ட பாடத்துல அவ நூத்துக்கு நூறு போட்டிருக்கா. படிச்ச பிள்ளைக்கு அம்புட்டுத்தான் விவரம். நான் மட்டும் அன்னைக்கு அந்தத் தெருவை வயித்து வலின்னு அனுப்பலைன்னா, இந்த ரெண்டும் இந்த ஜென்மத்துல பாத்துக்கிட்டிருக்குமா? எல்லாம் என் திட்டம். இப்பிடித்தான் நடக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்.

டாக்டரோட அம்மா ராஜபாளையத்துல இருந்து வந்தாங்க. நான் பயந்துக்கிட்டே இருந்தேன், பிள்ளை கன்னத்தை இந்தம்மாவும் தொட்டுப் பாப்பாளோன்னு. அவங்க உக்காந்து பூரணியை மேலயும் கீழயும் பாக்கல. “குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா, இந்தத் தெருத் தண்ணிதானே?”ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. செம்பு முழுக்கக் குடிச்சிட்டுத்தான் கீழ வச்சாங்க. நிச்சயம் முடிஞ்சிருச்சு. தை மாசம் கல்யாணம்.

பூரணி ஒரே ஒரு கண்டிசன் போட்டிருக்கா. நம்ம சொந்தத்துல யாரும் நோவு இல்லாம ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூடாது. நான் எங்க போறேன்? உள்ள போறதே இல்ல. வெளியில பெஞ்சுல உக்காந்துதானே இருக்கேன்! கல்யாணம் முடியுற வரைக்கும் ஒரு கண்ணு இருக்கட்டும்னுதான். காலம் கெட்டுக் கிடக்கு பாருங்க.

வாத்தியாரு வெளிய வந்துட்டாரு. ஜெபராணி உங்க நம்பரைத்தான் கூப்பிடுறா. அதுக்கு முன்னால சொல்லுங்க, உங்க பொண்ணு என்ன படிச்சிருக்கு?

என்ன முழிக்கிறீங்க? வயித்து வலிக்காரங்க யாராச்சும் வந்ததும் வராததுமா டாக்டருக்குச் சொந்த ஊரு எதுன்னு கேப்பாங்களா? கூடப் பிறந்தவங்க எத்தனை பேருன்னு நீங்க ஜெபராணிகிட்டக் கேட்டதும் என் காதுல விழுந்துச்சு. தப்பு தங்கச்சி. ஒரு டாக்டரோட நேரத்தை இப்பிடியா வீணாக்குறது? நெசமாவே நோவோட வந்தவங்க எத்தனை பேரு காத்துக் கிடக்காங்க, பாருங்க. பொய்யா ஒரு வலியைச் சொல்லிட்டு வந்து, ஒரு மனுசனைக் கத்திரிக்காய் மாதிரி அமுக்கிப் பாக்குறது எந்த ஊரு நியாயம்? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?

அழாதீங்க, அட, எதுக்கு இப்ப கண்ணைக் கசக்குறீங்க? பொண்ணைப் பெத்தவ வேதனை எனக்குத் தெரியாதா? உங்க பிள்ளைக்கும் ஒருத்தன் எங்கயாச்சும் ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டு இருப்பான். வந்தது வந்துட்டீங்க, உள்ள போயி பிரஷர் பாத்துட்டுப் போங்க. தங்கமாப் பாப்பாரு.

ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்க. வயித்து வலின்னு சொல்லிராதீங்க, கால் வலின்னு சொல்லுங்க. இல்லைன்னா எந்தத் தெருன்னு கேப்பாரு. பெறகு உங்க தெருவுக்கும் பாட்டில் பெட்டியைத் தூக்கிக்கிட்டு என் மகதான் வரணும். கல்யாணப் பொண்ணு, வெயில்ல அலையக் கூடாது.